ஆடுகிறவளைப் பிடிக்கிறவள்

போன வாரம் மகள் கைப்பேசியில் ஒரு வீடியோ காட்டினாள். கோலாலம்பூரில் ஏதோ பாட்டுக் கச்சேரி. மேடையில் ஒரு பையன் பாடுகிறான். கீழே தலை தலையாகக் கூட்டம். பெண்பிள்ளைகள் அழுகிறார்கள், கத்துகிறார்கள், கையைத் தூக்கிக்கொண்டு குதிக்கிறார்கள். முன் வரிசையில் ஒருத்திக்குக் கண் மேலே செருகிவிட்டது. அப்படியே பின்னால் சாய்ந்தாள்.

"பாத்தீங்களாம்மா, பைத்தியம் புடிச்ச மாதிரி ஆடுதுங்க."

நான் சாய்ந்தவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் கறுப்புச் சட்டை போட்ட ஒரு பெண் நின்றாள். காவல் வேலை போலிருக்கிறது. அவள்தான் சாய்ந்தவளின் அக்குளில் கைகொடுத்துப் பின்பக்கமாக இழுத்துப் போனாள். அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. பாட்டு அவள் காதிலும்தான் விழுந்திருக்கும்.

"அக்குள்ல புடிக்கக் கூடாது. தோள் கழண்டுரும். இடுப்பைப் புடிக்கணும்" என்றேன்.

மகள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கைப்பேசியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இது நம் அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. நீங்களாவது கேட்பீர்கள் என்று நினைத்துச் சொல்கிறேன். எனக்கு அதிகம் பேச வராது. எழுதுவது அதைவிடக் குறைவு. தோட்டத்துப் பள்ளியில் ஆறாவது வரைதான்.

அப்போது நாங்கள் ரிங்லெட் என்ற மலை ஊருக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருந்தோம். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள். ஒரு வீட்டில் நானும் என் வீட்டுக்காரரும். மகள் அப்போது பிறக்கவில்லை. அடுத்த வீட்டில் கொழுந்தனும் அவர் பெண்சாதி பாக்கியமும். மாமியார் இரண்டு வீட்டிலும் இருப்பார். எந்த வீட்டில் குழம்பு நன்றாக இருக்கிறதோ அந்த வீட்டில் சாப்பிடுவார். பெரும்பாலும் என் வீட்டில்தான். அந்த ஒரு விஷயத்தில் நான் பாக்கியத்தை ஜெயித்திருந்தேன்.

பாக்கியம் ஈப்போப் பக்கத்துப் பெண். ஒல்லி. மலைக்கு வந்த புதிதில் குளிருக்கு இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டும் பல் தந்தியடிக்கும். அட்டைக்குப் பயம். வழுக்கும் சரிவுக்குப் பயம். கங்காணியின் விசிலுக்குப் பயம். கத்தரி போட்டுக் கொழுந்து வெட்டும்போது அவள் நிரை எப்போதும் பின்தங்கியிருக்கும். நான் என் நிரையை முடித்துவிட்டு அவள் நிரையில் பாதியையும் வெட்டிக் கொடுப்பேன். எனக்குக் கை பெரிது. "ஒனக்கு ஆம்பளக் கைடி" என்பார் மாமியார். அதைப் பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன். வேறு பாராட்டு எதுவும் வரவில்லை.

அவள் வந்த வருஷத்துத் திருவிழா. எங்கள் தோட்டத்து அம்மன் கோயில் சின்னது. தகரக் கூரை, பின்னால் ஒரு பெரிய மரம், பக்கத்தில் ஓடை. திருவிழாவன்று காலையில் ஓடைக்கரையில் கரகம் ஜோடிப்பார்கள். மலையில் அந்த நேரத்துக்குப் பனி இறங்கியிருக்கும். பக்கத்தில் நிற்கிறவர் முகமே சாம்பிராணிப் புகையில் மறைகிறதா பனியில் மறைகிறதா என்று சொல்ல முடியாது. அந்த வாசனை எனக்கு இன்றைக்கும் மூக்கில் இருக்கிறது. சாம்பிராணி, வேப்பிலை, மஞ்சள். அதற்கு அடியில் மேலே ஆலையில் காய்கிற தேயிலையின் வாசனை. திருவிழாவுக்கும் ஆலையை நிறுத்த மாட்டார்கள்.

உறுமி அடிப்பவர் முதலில் அடிக்க மாட்டார். தேய்ப்பார். வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கத் தேய்க்க, வயிற்று வலி வந்த மாடு மாதிரி அது முனகும். அந்த முனகலில்தான் ஆரம்பிக்கும். முதலில் யாராவது ஒருத்தி கொட்டாவி விடுவாள். அடுத்தவளும் விடுவாள். பிறகு ஒரு கழுத்து ஆடும். பம்பை சேர்ந்ததும் வரிசையாகப் பிடித்துக்கொள்ளும், காய்ந்த புல்லில் நெருப்புப் போகிற மாதிரி. நேற்றுவரை கடன் கேட்க வாய் வராமல் நின்ற பெண்கள், துரையைக் கண்டால் வடிகாலில் இறங்கி வழிவிடுகிற ஆண்கள், எல்லாரும் கத்துவார்கள், குதிப்பார்கள், மண்ணில் புரளுவார்கள். ஆலையில் கொதிகலன் பார்க்கிற ஒரு பெரியவர் குரைப்பார். காவல் தெய்வம் அவர் மேல் வரும். மறுநாள் காலையில் அவரே பல் குச்சியோடு வந்து குழாயடியில் நிற்பார்.

அந்த வருஷம் பாக்கியம் பால்குடம் வைத்திருந்தாள். எனக்கு முன்னால் நின்றாள். திடீரென்று குடம் சாய்ந்து பால் என் காலில் கொட்டியது. குளிர்ந்த பால். ஐயோ, புதுப்பெண் தவற விட்டுவிட்டாளே என்று குனிந்தேன். நிமிர்ந்தபோது அவள் பாக்கியமாக இல்லை.

"ஏய் மூத்தவளே! புடி! விழுந்துருவா, புடி!" என்று மாமியார் அலறினார்.

பிடித்தேன். முதல் தடவை தெரியாமல் தோளைப் பிடித்தேன். அவள் பின்னந்தலை என் மூக்கில் வந்து இடித்து ரத்தம் வந்துவிட்டது. ரத்தத்தைத் துடைக்கக்கூடக் கை இல்லை. பூசாரி ஒரு மஞ்சள் துண்டைத் தூக்கிப் போட்டு, "இடுப்புல கட்டும்மா, முறுக்கிப் புடி, ஆட விடு, விழ விடாத" என்றார். அதோடு அந்த வேலை எனக்கு நிரந்தரமாகிவிட்டது. தோட்டத்தில் வேலை நிரந்தரமாவதற்குப் பல வருஷம் ஆகும். இது ஒரே காலையில்.

பிடிக்கிறவளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. சாமி வந்தவளின் குரல் கரகரத்து உடைந்து வரும். மேளச் சத்தத்தில் மற்றவர்களுக்குக் கேட்காது. பின்னால் ஒட்டி நிற்கிறவளுக்குத்தான் கேட்கும். அதை உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும். கேள்வி கேட்டவர் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். ஆனால் கும்பிடு அவளுக்கு.

இங்கேதான் எனக்கு வயிறு எரியத் தொடங்கியது. மறைக்க என்ன இருக்கிறது?

சாதம் அடிப்பிடித்தால் மாமியார் பாக்கியத்தை வாசலில் நிற்க வைத்துத் திட்டுவார். அன்றைக்கு அதே மாமியார் அவள் காலில் விழுந்து, "ஆத்தா, எங்கள மன்னிச்சுக்கோ ஆத்தா" என்று அழுதார். கொழுந்தில் முற்றல் இருக்கிறது என்று எங்களைக் கிழிக்கிற கங்காணி கைகட்டி நின்றார். பாக்கியம் வேப்பிலைக் கொத்தால் அவர் முகத்திலேயே அடித்தாள். சளார் என்று. அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ஆத்தா கோவமா இருக்கா" என்றார். நான் அவள் பின்னால் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டேன். அந்த அடியை நான் அடித்திருக்கக் கூடாதா? எத்தனை வருஷமாகக் கை அரித்துக்கொண்டிருந்தது எனக்கு.

ரிங்லெட்டில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஒரு சீனக் கிழவர் வருஷா வருஷம் ஊதுபத்தியோடு வருவார். அவருக்கு வேண்டியது லாட்டரிக்கு நாலு நம்பர். "ஆத்தா, நம்பர் கொடு லா" என்பார் தமிழில். பாக்கியம் ஒரு தடவை எலுமிச்சம்பழத்தைக் கடித்து அவர் மேல் துப்பினாள். அவர் சட்டையில் ஒட்டிய விதைகளை நான் எண்ணிச் சொல்ல, அதை முணுமுணுத்துக்கொண்டே இறக்கத்தில் ஓடினார். நம்பர் விழுந்துவிட்டதாம், அடுத்த வருஷம் ஒரு பெரிய பிஸ்கட் டின் கொண்டுவந்து பாக்கியத்தின் கையில் கொடுத்தார். எண்ணிச் சொன்னதே நான்தான். எனக்கு அந்த டின்னில் உடைந்த பிஸ்கட் கிடைத்தது.

நானும் முயற்சி செய்யாமல் இல்லை. அடுத்த திருவிழாவுக்கு விரதம் இருந்தேன். மீன் இல்லை, முட்டை இல்லை, தரையில் பாய் கூடப் போடாமல் படுத்தேன். அந்தக் குளிரில். பாக்கியம் அப்போது வாயும் வயிறுமாக இருந்தாள். மசக்கையில் நாக்கு அடங்காமல், யாருக்கும் தெரியாமல் பொரித்த நெத்திலியை மடியில் வைத்துத் தின்றதை நான் பார்த்தேன். சரி, இந்த வருஷம் ஆத்தாள் இவளிடம் வர மாட்டாள், சுத்தமாக இருப்பது நான்தான் என்று நினைத்தேன். மேளம் ஏறும்போது உறுமிக்கு நேர் எதிரே போய் நின்றேன். கண்ணை மூடிக்கொண்டேன். சாம்பிராணியை நன்றாக இழுத்தேன். உள்ளே ஏதோ ஏறுகிற மாதிரி இருந்தது. வருகிறது, வருகிறது என்று நினைத்தேன்.

தும்மல் வந்தது. வரிசையாக வந்தது. அதற்குள் பின்னால் மாமியார் குரல்: "மூத்தவளே, அங்க என்னா பண்ற? இங்க இவளுக்கு வந்துருச்சு பாரு, புடி!"

நெத்திலி தின்றவளுக்கு வந்துவிட்டது. ஓடிப்போய்ப் பிடித்தேன்.

பூசாரியிடம் ஒரு நாள் ஜாடையாகக் கேட்டேன். அவர் பகலில் ஆலையில் சாக்குத் தைப்பவர்.

"எனக்கு ஏன் வர மாட்டேங்குது பூசாரி?"

"புடிக்கிறவளுக்கு வராதும்மா. ரெண்டு பேருக்கும் வந்துட்டா யாரு யாரைப் புடிக்கிறது?" என்று சிரித்தார்.

அவருக்கு அது வேடிக்கை. ஆடுகிறவளின் முதுகு என் நெஞ்சில் ஒட்டியிருக்கும். அவள் இதயம் அடிப்பது எனக்குத் தெரியும். அந்த நடுக்கம் என் கைவழியாக ஏறித் தோள்வரை வரும். வாசல்வரை வந்துவிட்டு உள்ளே வராமல் திரும்பிப் போகிற விருந்தாளி மாதிரி அங்கேயே நின்றுவிடும். சுற்றிலும் அத்தனை பேரும் எங்கேயோ போய்விடுவார்கள். நான் மட்டும் அங்கேயே நிற்பேன். யார் செருப்பு எங்கே கிடக்கிறது, எந்தக் குழந்தை அழுகிறது, மழை வருகிறதா, எல்லாம் எனக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். அதைவிடத் தனிமை எனக்குப் பிறகும் வாய்க்கவில்லை.

இதுவரை சொன்னது சில்லறைப் பொறாமை. மற்றதையும் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் தோட்டத்து லோரி ஓட்டினார். நல்ல மனுஷர். குடி கிடையாது, அடி கிடையாது. ஆனால் நான் எதைச் சொன்னாலும் "ம்" என்பார். சரியா, வேண்டாமா என்பது அந்த "ம்"மில் இருக்காது. லோரியில் காய்கறிக் கூடை ஏற்றிப் போகிற பழக்கத்தில், கம்போங் ராஜாவில் ஒரு சீன முதலாளி, தவுக்கே என்போம், அவருக்குத் தெரிந்தவர். தவுக்கேக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகள் எல்லாரும் பட்டணத்தில். காய்கறி போட்டிருந்த நிலத்தை, விளைச்சலில் பங்கு கொடுத்து, வாரத்துக்குப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார். நிலத்திலேயே பலகை வீடு. தண்ணீர் பக்கத்தில். பார்த்துக்கொண்டால் பின்னால் உன் பேரிலேயே விட்டுவிடுகிறேன் என்றும் சொல்லியிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். வீட்டுக்குப் பின்பக்கம் ஒரு கதவு இருந்தது. லயத்து வீட்டுக்குப் பின்கதவு கிடையாது. அந்தக் கதவைத் திறந்தால் முட்டைக்கோஸ் பாத்தி. அதற்கு அப்பால் மலை. நான் அந்தக் கதவில் கொஞ்ச நேரம் நின்றேன். திரும்பி வரும்போது லோரியில் பேச்சை ஆரம்பித்தேன்.

"அங்க போனா நமக்குன்னு ஒரு வீடு இருக்கும்."

"ம்."

"இங்க வேலை முடிஞ்சா வீட்டைக் காலி பண்ணணும். தெரியும்ல?"

"தெரியும்."

"அப்புறம் என்னா யோசனை?"

"திருவிழா வருதுல்ல. ஆத்தாகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் போலாம்லா."

"நான் சொல்றது பத்தாதா?"

அவர் வளைவில் ஹாரன் அடித்தார். வளைவு முடிந்த பிறகு, "நீ சொல்றது நீ சொல்றது. ஆத்தா சொல்றது ஆத்தா சொல்றது" என்றார்.

ஆத்தாள் என்றால் பாக்கியம். அவள் நிரையில் பாதியை நான் வெட்டிக் கொடுத்தால்தான் கூலி தேறுகிற பாக்கியம். அட்டையைக் கண்டால் என் தோளில் ஏறுகிற பாக்கியம். என் வாழ்க்கை எங்கே நடக்க வேண்டும் என்று அவள் சொல்லப் போகிறாள். அதைக் கேட்டுத் திருப்பிச் சொல்லப் போகிறவள் நான்.

அந்தத் திருவிழாவில் பனி அதிகம். மேளக்காரர்கள் விரல் விறைத்துப்போய் நெருப்பில் காட்டிக் காட்டி அடித்தார்கள். அதனாலோ என்னவோ நெடுநேரம் யாருக்கும் வரவில்லை. கூட்டம் தவித்தது. இன்னும் வரல, இன்னும் வரல என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒரு பாட்டம் பெண்கள் குலவையிட்டார்கள். அப்புறம் வந்தது பாருங்கள், ஒரே நேரத்தில், அத்தனை பேருக்கும். கோயில் முற்றமே எழுந்து ஆடிய மாதிரி. சின்னப் பிள்ளைகள் பயந்துபோய் மரத்தடிக்கு ஓடின. தலைமுடி, வேப்பிலை, மஞ்சள் தண்ணீர், அலறல். வேடிக்கை பார்க்க வந்த ஆபீஸ் கணக்கர் கிராணியின் மூக்குக் கண்ணாடியை யாரோ தட்டிவிட்டார்கள். அவரும் கண்ணாடி இல்லாமல் குதித்துக்கொண்டிருந்தார்.

பாக்கியம் என் கையில் இருந்தாள். அன்றைக்கு மாதிரி அவள் எப்போதும் ஆடியதில்லை. ஒல்லி உடம்பு. ஆனால் என்னைத் தூக்கிக்கொண்டு போனாள். துண்டை இரண்டு சுற்று கையில் சுற்றிக்கொண்டு, குதிகாலை மண்ணில் ஊன்றி நின்றேன். உடம்பு அனலாக இருந்தது. அந்தக் குளிரில் அவள் முதுகிலிருந்து ஆவி எழும்பியது.

என் வீட்டுக்காரர் வந்து அவள் காலடியில் உட்கார்ந்தார். மேளம் தணிந்தது.

"ஆத்தா, கம்போங் ராஜாவுக்குக் குடும்பத்தோட போலாமா, வேணாமா? நீதான் சொல்லணும்."

அவள் தலை பின்னால் சாய்ந்து என் தோளில் விழுந்தது. கண்ணில் வெள்ளை மட்டும். வாய் என் காதுக்குப் பக்கத்தில் இருந்தது. கரகரவென்று சொன்னாள்:

"போகாத. இங்கயே கெட. என் காலடிய விட்டுப் போகாத."

வேறு யாருக்கும் கேட்கவில்லை.

என் வீட்டுக்காரர் நிமிர்ந்து என் வாயைப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. நான் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிற பார்வை. மாமியார் பார்த்தார். பூசாரி பார்த்தார். கொழுந்தன் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தார். "போ" என்று ஓரெழுத்து சொன்னால் போதும். பின்கதவு, முட்டைக்கோஸ் பாத்தி, எல்லாம் வந்துவிடும்.

"போக வேணாங்குறா. இங்கயே இருக்கச் சொல்றா" என்றேன்.

ஏன் மாற்றிச் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் பல தடவை கேட்டுக்கொண்டேன். எனக்குப் பெரிய பக்தி என்று நினைக்க வேண்டாம். அவள் நடித்திருந்தால் கட்டாயம் மாற்றியிருப்பேன், அதில் எனக்குக் கூச்சமே இருந்திருக்காது. ஆனால் நடிக்கிற உடம்பு கையில் வேறு மாதிரி இருக்கும். அது விழும்போது பார்த்து விழும். இவள் விழுந்தது அப்படி இல்லை. அந்த நேரத்தில் என் கையில் இருந்தது பாக்கியம் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் இத்தனை எரிச்சல். பொய்யாக இருந்திருந்தால் எனக்குப் பொறாமையே வந்திருக்காது.

பின்னால் ஒரு நினைப்பும் வந்தது. நான் போய்விட்டால் மாமியாரிடம் தனியாக மாட்டிக்கொள்வோம், நிரையை யார் வெட்டிக் கொடுப்பார்கள் என்று அவள் மனசுக்குள் ஒரு பயம் இருந்து, அதுதான் சாமி குரலில் வந்ததோ? இருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள வழி இல்லை.

அன்று சாயங்காலம் பாக்கியம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு என் அடுப்படியில் உட்கார்ந்து காப்பி குடித்தாள். உடம்பெல்லாம் வலி. நான்தான் தைலம் தேய்த்துவிட்டேன்.

"நான் எதும் சொன்னேனாக்கா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டார். "சொல்லக் கூடாது. சாமி பேசுனத ஆடுனவகிட்டயே சொன்னா அப்பறம் வராது."

பாக்கியம் சரி என்று தலையாட்டிவிட்டுக் காப்பியில் பிஸ்கட்டை நனைத்தாள். என் வீட்டுக்காரர் நிம்மதியாகச் சாப்பிட்டார். இரண்டாம் தடவை சாதம் கேட்டு வாங்கினார். நான் சொன்ன சொல்லை அவர் அப்படியே கேட்டது அந்த ஒரு தடவைதான். அதுவும் நான் சொன்னதாக அவருக்குத் தெரியாது.

அடுத்த வருஷம் மாமியார் போய்ச் சேர்ந்தார். கருமாதி முடிந்து கொஞ்ச நாளில் கொழுந்தன் வந்து, "அண்ணே, நீங்க வேணாம்னுட்டீங்க. அந்த நெலம் இன்னும் சும்மாதான் கெடக்குது. நாங்க போய்ப் பாக்கவா?" என்றார். என் வீட்டுக்காரர் "ம்" என்றார். அவர்கள் யாரிடமும் குறி கேட்கவில்லை. யாரிடம் கேட்பது? சாமி வருகிறதே அவர் பெண்சாதி மேல்தான். அவளுக்கு அவளே குறி சொல்ல முடியாது.

என் வீட்டுக்காரர் அவருடைய லோரியிலேயே சாமான்களை ஏற்றிக் கொடுத்தார். பாக்கியம் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்:

"நீங்களும் வந்திருக்கலாம்லாக்கா. மாமாதான் பயந்துட்டாரு போல."

நான் அவள் குழந்தையின் தொப்பியைச் சரிசெய்தேன்.

லோரி போன பிறகு வீட்டுக்காரரிடம் கேட்டேன். "அவங்க மட்டும் போறாங்களே?"

"அவங்களுக்கு வேணாம்னு சொல்லலல்ல. நமக்குத்தான் சொன்னா" என்றார்.

அந்த வருஷத் திருவிழாவுக்கு நிலத்தில் வேலை என்று பாக்கியம் வரவில்லை. நான் பழக்கத்தில் மஞ்சள் துண்டை எடுத்துக்கொண்டு போனேன். உறுமி முனகியது. பம்பை ஏறியது. கொட்டாவிகூட யாரும் விடவில்லை. கொதிகலன் பெரியவர் மட்டும் மரியாதைக்கு ஒரு தடவை குரைத்துவிட்டு, தானே வெட்கப்பட்டு நிறுத்திக்கொண்டார். பிறகு எப்போதாவது யாருக்காவது லேசாக வரும். ஒரு கழுத்து ஆடும், நின்றுவிடும். மொத்தக் கூட்டமும் ஒரே உடம்பாக எழுந்து ஆடியதை அதற்குப் பின் நான் பார்க்கவில்லை.

பாக்கியம் வீட்டில் இப்போது முட்டைக்கோஸ் இல்லை. கூடாரம் போட்டுத் தக்காளியும் பூவும். தவுக்கே சொன்ன சொல் தவறவில்லை, நிலம் அவர்கள் பேரில் இருக்கிறது. நான்கு சக்கரமும் மண்ணாக ஒரு பெரிய வண்டி. நாங்கள் என் வீட்டுக்காரருக்கு வேலை முடிந்ததும் லயத்தைக் காலி செய்தோம். அவர் ரிங்லெட்டில் வாடகை வீட்டில்தான் இறந்தார். இப்போது நான் மகளோடு அடுக்குமாடியில் இருக்கிறேன். பின்கதவு இல்லை. மூன்றாம் மாடியில் பின்கதவு வைத்து என்ன செய்ய?

இந்த வருஷத் திருவிழாவுக்குப் பாக்கியம் வந்தாள். பட்டுப்புடவை, அதன் மேல் நல்ல ஸ்வெட்டர். முழங்கால் வலி. என்னைத் தேடிப் பிடித்துப் பக்கத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். கோயில் இப்போது பெரிது. கூட்டமும் பெரிது. வெளியூரிலிருந்து மேளக்குழுப் பையன்கள் ஒரே மாதிரி பனியன், கறுப்புக் கண்ணாடி போட்டு வந்திருந்தார்கள். ஒலிபெருக்கியில் உறுமி நெஞ்சை இடித்தது. பையன்கள் குதித்துக் குதித்து அடித்தார்கள், எதிரே நின்றவர்கள் அத்தனை பேரும் கையைத் தூக்கிக் கைப்பேசியில் படம் பிடித்தார்கள். இப்போது தோட்டத்தில் வேலை செய்கிற வங்காளதேசத்து ஆட்களும் ஓரமாக நின்று படம் பிடித்தார்கள். கமிட்டிக்காரர் மைக்கில் சொன்னார்: "அருள் வந்த பக்தர்கள் தயவுசெய்து வலது பக்கமாகச் செல்லவும். அங்கு தொண்டர்கள் இருப்பார்கள்."

"அருள் வந்தவளுக்கு வலது எது, எடது எதுன்னு தெரியுமா?" என்று பாக்கியம் சிரித்தாள். பிறகு மேளத்தைப் பார்த்தபடியே சொன்னாள்:

"எனக்கு வரதே இல்லக்கா. கம்போங் ராஜா போனதோட சரி. அங்கயும் கோயில் இருக்குது, மேளம் அடிக்குறாங்க. நிக்குறேன். ஒண்ணும் இல்ல."

"ம்" என்றேன். அவரோடு குடித்தனம் செய்ததில் எனக்கும் அது ஒட்டிக்கொண்டது.

"எப்புடி இருக்கும்னுகூட மறந்து போச்சு. அப்ப ஒண்ணும் தெரியாது. முழிச்சா ஒங்க கையி இடுப்புல இருக்கும், அது ஒண்ணுதான் தெரியும்." என் பக்கம் திரும்பினாள். "நான் என்னாதான்க்கா சொல்லுவேன்? அத்தை சொல்லக் கூடாதுன்னுருவாங்க. இனிமே எனக்கு வரவா போகுது? இப்பச் சொல்லுங்க. மாமா ஒரு வாட்டி கேட்டாராமே, எங்க வூட்டுக்காரரு சொல்ல வந்து சொல்லாமப் போயிட்டாரு. என்னா சொன்னேன் மாமாவுக்கு?"

அவள் முகத்தைப் பார்த்தேன். ஆசையாகக் கேட்டாள். பழைய நகை ஒன்றை ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று கேட்கிற மாதிரி.

"மழை வரும்னு சொன்ன" என்றேன்.

நாற்காலி ஆட ஆடச் சிரித்தாள். "இந்த மலையில மழை வரும்னு சொல்றதுக்கு ஒரு சாமியா! இதுக்கா அந்தக் குதி குதிச்சேன்!" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் பிள்ளை வந்து அழைத்ததும், சாப்பாட்டுப் பந்திக்கு நடந்து போனாள்.

அன்றைக்கு என் வாயால் அதைக் கேட்டவர்களில் என் வீட்டுக்காரர் இப்போது இல்லை. மாமியார் இல்லை, பூசாரி இல்லை. கொழுந்தன் போன வருஷம் இறந்துவிட்டார். முற்றத்தில் நின்ற மற்றவர்கள் ஈப்போவுக்கும் சிங்கப்பூருக்கும் பிள்ளைகளோடு போய்விட்டார்கள். லயத்தை இடித்துத் தளம் போட்டுவிட்டார்கள், தேயிலை பார்க்க வருகிறவர்கள் அங்கே வண்டி நிறுத்துகிறார்கள். பாக்கியத்திடம் நிலம் இருக்கிறது, வீடு இருக்கிறது. சாமியும் அவளிடம்தான் வந்தது. அவள் வாயிலிருந்து வந்த அந்த வார்த்தை மட்டும் என்னிடம் இருக்கிறது. அதையும் அவளுக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அவ்வளவு தெரிய வேண்டுமென்றால் ஆத்தாளே இறங்கி வந்து அவளிடம் சொல்லட்டும். ஆத்தாள்தான் இப்போது யார் மேலேயும் வருவதில்லையே.